ஓடும் நீரை அளந்தவர்: டானியல் பெர்னௌலி

வேதித் தொழிற்சாலை ஒன்றனைத் தொலைவிலிருந்து நோக்குவார் கண்ணில் முதற்கண் படுவன குழாய்களே. தரையிலும் சுவரிலும் தலைக்கு மேலும் அவை ஓடுகின்றன. ஒரு கலனிலிருந்து புறப்பட்டு மற்றொரு கலனிற் புகுகின்றன. அவற்றின் அகத்தே அமிலமும் எண்ணெயும் நீராவியும் காற்றும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. எவ்வளவு விரைவில் ஓடும்? எத்துணை அழுத்தம் வேண்டும்? எத்தகைய பம்பு பொருத்துவது? இவ்வினாக்களுக்கு விடை கூறும் துறையே பாய்ம இயக்கவியல் ஆகும். நீர்மமும் வளிமமும் ஆகிய இரண்டையும் ஒருசேரக் குறிக்கும் சொல்லே பாய்மம்.

வேதிப் பொறியியல் பயிலும் மாணாக்கர் இத்துறையின் வாயிலிலேயே பெர்னௌலி என்னும் பெயரைக் காண்பர். அப்பெயர் தாங்கிய சமன்பாட்டை மனனம் செய்வர்; தேர்வில் எழுதுவர்; மதிப்பெண்ணும் பெறுவர். அப்பெயருக்கு உரியவர் யாவர், அவர் அதனைக் கண்டது எங்ஙனம், கண்டதனால் அவர் எய்தியது யாது என வினவுவோர் மிகச் சிலரே. தமிழ்த் துறை வெளியிடும் மலரில் நீரோட்டக் கணக்கிற்கு என்ன வேலை எனக் கேட்பாரும் இருக்கலாம். அறிவியலைத் தமிழிற் சொல்லிப் பார்ப்பதும் தமிழ்ப்பணியே என்பது எம் துணிபு. மேலும், இவ்வறிஞர்தம் வரலாறு கணக்கறியாதாரும் கருத்தூன்றிக் கேட்கத்தக்கது. தந்தையும் மகனும் ஒரே நூற்பொருளுக்கு உரிமை கோரி நின்ற வரலாறு அது.

குடியும் கல்வியும்

பெர்னௌலி குடும்பத்தார் தொடக்கத்தில் ஆண்ட்வெர்ப் நகரத்தில் வாழ்ந்தவர்கள். சீர்திருத்தக் கிறித்தவ நெறியைப் பின்பற்றியமையால் அந்நாளைய ஸ்பானிய ஆட்சியில் அல்லலுற்று, ஊர் துறந்து, இறுதியில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் குடியேறினர். மருந்துச் சரக்கு வாணிகம் அவர்தம் குலத்தொழில். அவ்வணிகக் குடும்பத்தில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் யாக்கோபு, ஜொகான் என்னும் உடன்பிறந்தார் இருவர் கணிதத்தில் ஐரோப்பாவே வியக்கும் வண்ணம் விளங்கினர். லைப்னிட்சு வகுத்த நுண்கணிதத்தைக் கற்றுத் தேர்ந்து உலகிற்குப் பரப்பியவர்கள் இவர்களே. அறிவில் இணையாயிருந்த இருவரும் அன்பில் இணையாயிருந்திலர். ஒருவர் தீர்த்த கணக்கை மற்றவர் குறை கூறுவதும், அதனை இதழ்களில் ஊரறிய எழுதுவதும் அவர்களிடை வழக்கமாயின. இதனை முன்னரே கூறுவதற்குக் காரணம் உண்டு. இக்குடும்பத்தில் புகழ்ப்போட்டி என்பது டானியல் பிறக்குமுன்னரே வேரூன்றியிருந்தது.

ஜொகான் ஹாலந்து நாட்டின் குரோனிங்கன் நகரில் பேராசிரியராய் இருந்த காலத்து, 1700ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 8ஆம் நாள், அவருடைய இரண்டாம் மகனாக டானியல் பிறந்தார். 1705இல் யாக்கோபு மறையவே, பாசல் பல்கலைக்கழகத்தில் அவர் வகித்த கணிதப் பதவி தம்பி ஜொகானை வந்தடைந்தது. ஐந்தாண்டுச் சிறுவனாகிய டானியலும் குடும்பத்துடன் பாசல் வந்து சேர்ந்தார்.

பதின்மூன்றாம் அகவையில் பாசல் பல்கலைக்கழகத்தில் மெய்யியலும் அளவையியலும் கற்கத் தொடங்கிய டானியல் 1716இல் முதுகலைப் பட்டம் பெற்றார். கணிதத்தைத் தந்தையிடமும், அதனினும் மிகுதியாகத் தமையன் நிக்கோலஸ் என்பாரிடமும் பயின்றார். ஆயினும் கணிதத்தால் வயிறு வளர்த்தல் அரிது எனக் கருதிய ஜொகான் மகனை வணிகராக்க விழைந்தார். ஜொகானையும் அவர் தந்தையார் வணிகத்திற்கே அனுப்ப முயன்றார் என்பதும், அம்முயற்சியை எதிர்த்தே அவர் கணிதரானார் என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத் தக்கன. தாம் பட்ட துயரத்தைத் தம் மகனும் படவேண்டும் என்று அவர் எண்ணினார் போலும்! வணிகத்திற்கு டானியல் இசைந்திலர். இறுதியில் இருவருக்கும் பொதுவான ஒரு வழி பிறந்தது, அது மருத்துவம். ஹைடெல்பெர்க், ஸ்ட்ராஸ்பர்க் ஆகிய நகரங்களிலும் பின்னர் பாசலிலும் மருத்துவம் கற்று, மூச்சியக்கம் பற்றிய ஆய்வேட்டினால் 1721இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

இம்மருத்துவக் கல்வி வீண்போகவில்லை. குருதி நரம்புகளில் ஓடுவதும் ஒரு பாய்மத்தின் ஓட்டமே அன்றோ? மூச்சுக் காற்று நுரையீரலுட் புகுவதும் அஃதே. உடலை அறியப் புகுந்தவர் குழாயையும் நீரையும் அறிய நேர்ந்தது இவ்வாறே ஆகும்.

சீட்டு விழாத இளைஞர்

பட்டம் பெற்றவர் பதவி தேடினார். பாசல் பல்கலைக்கழகத்தில் அக்காலத்து ஒரு விந்தையான நடைமுறை இருந்தது. பேராசிரியர் பதவிக்கு வந்தாருள் தகுதி மிக்க மூவரைத் தேர்ந்து, அம்மூவருள் ஒருவரைத் திருவுளச்சீட்டினால் அமர்த்துவர். செல்வாக்குள்ள குடும்பத்தார் தம் உறவினரையே பதவியில் அமர்த்துவதைத் தடுத்தற்கு வகுக்கப்பட்ட முறை அது. நோக்கம் நன்றே எனினும், விளைவு எப்போதும் நன்றாயிருந்திலது. உடற்கூற்றியலும் தாவரவியலும் சேர்ந்த பதவிக்கு டானியல் முயன்றார். சீட்டு வேறொருவருக்கு விழுந்தது. அளவையியல் பதவிக்கு முயன்றார். மீண்டும் அவ்வாறே ஆயிற்று. நிகழ்தகவுக் கணிதத்தின் முன்னோடி எனப் போற்றப்படும் யாக்கோபின் தம்பி மகனைச் சீட்டு இருமுறை கைவிட்டது.

1723இல் அவர் இத்தாலி சென்றார். வெனிஸ் நகரில் மருத்துவப் பயிற்சி பெற்றார். பாதுவாவிற்குச் சென்று மேலும் கற்க எண்ணியிருந்தபோது கடுநோய் வாய்ப்பட்டுக் கிடந்தார். அந்நோய்க்காலத்தே கப்பலில் பயன்படத்தக்க காலக் கருவி ஒன்றனை வகுத்தார். அலையினால் கப்பல் ஆடினும் மணலோ நீரோ சீராக வடிய வேண்டும் என்பது அதன்கண் உள்ள சிக்கல். பாரிஸ் அறிவியல் கழகம் 1725இல் அதற்குப் பரிசளித்தது. அக்கழகத்தின் பரிசுகள் பத்தினை அவர் தம் வாழ்நாளில் பெற்றார், இது முதலாவது. 1724இல் வெனிஸ் நகரில் அவருடைய கணித நூல் ஒன்றும் வெளிவந்தது. அதன் ஒரு பகுதி, கலத்தின் துளை வழியே நீர் வெளியேறும் முறையைப் பற்றியது. பின்னாளைய பெருநூலின் வித்து அங்கே கிடந்தது எனலாம்.

நேவா ஆற்றங்கரையில்

உருசிய நாட்டின் புனித பீட்டர்ஸ்பர்க் நகரில் புதிதாக நிறுவப்பட்ட அறிவியல் கழகம் உடன்பிறந்தார் இருவரையும் அழைத்தது. 1725இல் நிக்கோலசும் டானியலும் அங்குச் சென்றனர். ஓராண்டு நிறைவதற்குள் நிக்கோலஸ் காய்ச்சலுற்று இறந்தார். தம்பிக்குக் கணிதம் கற்பித்த தமையன் அயல்நாட்டுக் குளிரில் மறைந்தது டானியலை நிலைகுலையச் செய்தது. ஊர் திரும்ப விரும்பினார். அவருக்குத் துணையாகத் தம் மாணாக்கர்களுள் தலைசிறந்த ஒருவரை ஜொகான் அனுப்பிவைத்தார். 1727இல் வந்து சேர்ந்த அவ்விளைஞரின் பெயர் லியோனார்டு ஆய்லர். தந்தை மகனுக்குச் செய்த உதவிகளுள் தலையாயது இதுவே என்பது எம் கருத்து.

1727 முதல் 1733 வரை இவ்விருவரும் ஓரிடத்திலிருந்து ஆய்ந்த ஆண்டுகளே டானியலின் பொற்காலம். அதிரும் கம்பிகள், தொங்கும் சங்கிலிகள், சூதாட்டத்தில் பணத்தின் உண்மை மதிப்பு எனப் பல பொருள்களை ஆராய்ந்தார். இவற்றுள் நமக்கு வேண்டுவது நீரைப் பற்றியதே.

குழாயில் ஓடும் நீர் குழாயின் சுவரை எவ்வளவு அழுத்துகிறது? இதுவே அவரைப் பற்றிக்கொண்ட வினா. நிற்கும் நீரின் அழுத்தம் முன்னோர்க்குத் தெரியும். ஆழம் மிக மிக அழுத்தம் மிகும். ஓடும் நீரின் அழுத்தத்தை அளப்பது எங்ஙனம்? குழாயின் பக்கச்சுவரில் ஒரு சிறு துளையிட்டு, அதில் மெல்லிய கண்ணாடிக் குழலைச் செங்குத்தாக நிறுத்தினார். நீர் குழலினுள் ஏறி ஓர் உயரத்தில் நின்றது. அவ்வுயரமே அவ்விடத்து அழுத்தத்தின் அளவு. பெருங்குழாயில் ஓட்டம் விரையுந்தோறும் குழலில் நீர்மட்டம் தாழ்ந்தது. இன்றும் ஆய்வுக்கூடத்தில் மாணாக்கர் செய்யும் சோதனை இதுவே. ஏறத்தாழ அதே காலத்தில், இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்பார் குதிரையின் நாடியில் குழல் செருகிக் குருதியின் அழுத்தத்தை அளந்து 1733இல் வெளியிட்டார். கையில் பட்டை சுற்றி அளக்கும் இன்றைய எளிய முறைக்கு 1896இல் ரிவா ரோச்சி என்னும் இத்தாலிய மருத்துவர் வழிவகுக்கும் வரை மனித குலம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மூன்று ஆற்றல்களின் கூட்டு

டானியல் கண்ட உண்மையை இன்றைய பாடநூல்கள் கூறும் முறையில் விளக்குவோம். ஓடும் பாய்மத்தின் ஒவ்வொரு துளியும் மூவகை ஆற்றலை உடையது. உயரத்தில் இருப்பதால் வருவது நிலை ஆற்றல். ஓடுவதால் வருவது இயக்க ஆற்றல். அழுத்தத்தின் காரணமாக அமைவது அழுத்த ஆற்றல். அமுக்க இயலாததும் பாகுநிலை அற்றதுமாகிய நீர்மம் ஒன்று சீராக ஓடுமாயின், அதன் ஓட்ட வழியில் எவ்விடத்தும் இம்மூன்றன் கூட்டுத்தொகை மாறாது. ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தே தீரும்.

எண்களைக் கொண்டு காண்போம். கிடைமட்டமாக அமைந்த குழாய் ஒன்றன் விட்டம் 10 செண்டிமீட்டர். அதில் நீர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஓரிடத்தில் குழாய் 5 செண்டிமீட்டர் விட்டமாகக் குறுகுகிறது. விட்டம் பாதியானால் குறுக்குப் பரப்பு நாலில் ஒன்றாகும். உள்ளே புகுந்த நீர் முழுதும் வெளியேறியாக வேண்டுமாதலின் வேகம் நான்கு மடங்காகி நொடிக்கு 8 மீட்டர் ஆகும். கனமீட்டருக்கு 1000 கிலோகிராம் அடர்த்தியுள்ள நீருக்கு, இவ்வேக வேறுபாட்டினால் குறையும் அழுத்தம் 30,000 பாஸ்கல். அதாவது சற்றேறக்குறைய 3 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம். இவ்வழுத்த வேறுபாட்டை அளந்தால் ஓட்டத்தின் அளவைத் திருப்பிக் கணக்கிட்டு விடலாம். குறுகிய குழாயில் நிகழும் இவ்விளைவை 1797இல் வெளியிட்ட இத்தாலியரான வென்சுரியின் பெயரால், அமெரிக்கப் பொறியாளர் கிளெமன்ஸ் ஹெர்ஷல் 1887இல் அமைத்த ஓட்டமானி இன்றும் ஆலைகளில் பணியாற்றுகிறது.

இவ்விடத்தே மாணாக்கர் பலர் தடுமாறுவதுண்டு. வேகம் மிகுந்ததால் அழுத்தம் குறைந்தது என வேகத்தைக் காரணமாகவும் அழுத்தத்தை விளைவாகவும் கொள்வர். நீர் தானாக விரைவதில்லை. அகன்ற பகுதியில் அழுத்தம் மிகுதி; குறுகிய பகுதியில் குறைவு. மிகுந்த அழுத்தம் பின்னிருந்து தள்ளுவதாலேயே நீர் விரைகிறது. இதனை உணர்ந்தவர்க்குச் சமன்பாட்டை மனனம் செய்யவேண்டிய தேவையே எழாது.

டானியலின் காலத்தில் ஆற்றல் என்னும் சொல் இப்பொருளில் வழங்கவில்லை. லைப்னிட்சு உயிர்விசை எனப் பெயரிட்டதும், ஜொகான் தம் மகனுக்குக் கற்பித்ததுமான கருத்தையே அவர் கையாண்டார். உயரத்திலிருந்து விழும் பொருள் பெறும் உயிர்விசை, அதனை மீண்டும் அதே உயரத்திற்கு ஏற்றப் போதுமானது என்பது அக்கருத்து. கல்லுக்குப் பொருந்தும் இவ்விதியை அவர் நீருக்குப் பொருத்தினார். சுவரின் அழுத்தத்தைக் காண அவர் மேற்கொண்ட வழி மிக அழகியது. பெருங்கலனிலிருந்து கிடைமட்டமாக நீளும் குழாய் ஒன்றன் முனை பெரிதும் அடைக்கப்பட்டுச் சிறு துளை மட்டும் உள்ளதாகக் கொள்க. அடைப்பு இல்லையேல் நீர் இன்னும் விரையும். அடைப்புத் தடுப்பதால் நீர் நெருக்குண்டு சுவரை அழுத்துகிறது. இப்போது குழாய் திடீரென முறிந்துவிட்டதாகக் கற்பனை செய்க. அந்நொடியில் நீர் எவ்வளவு முடுக்கம் பெறுமோ, அதனைக் கொண்டு முறிவதற்கு முன்னிருந்த அழுத்தத்தைக் கணக்கிட்டு விடலாம். முறியாத குழாயின் இயல்பை அறிய மனத்தளவில் குழாயை முறித்துப் பார்த்த இந்நுண்மதி போற்றற்குரியது.

1733இல் பீட்டர்ஸ்பர்கை விட்டு நீங்கியபோது நூலின் வரைவு உருவாகியிருந்தது. பாசல் நகரத்தில் உடற்கூற்றியல், தாவரவியல் பதவி இம்முறை அவருக்குக் கிட்டியது. நூலைத் திருத்தி விரித்து, 1738இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் வெளியிட்டார். ஹைட்ரோடைனமிக்கா என்பது அதன் பெயர். நீரியக்கம் பற்றிய அறிவுத்துறைக்கு அப்பெயரை வழங்கியவரும் அவரே. கலத்திலிருந்து நீர் வடிதல், குழாய் அமைப்புகள், நீரேற்றும் பொறிகள், பீறிடும் நீரின் எதிர்விசையால் கப்பலைச் செலுத்துதல் என அந்நூல் விரிந்து செல்கிறது. அட்டைப் பக்கத்தில் ஆசிரியர் பெயரை அடுத்து, ஜொகானின் மகன் என்று இலத்தீன் மொழியில் பொறிக்கப்பட்டுள்ளது.

தந்தையின் நூல்

அவ்வாறு பொறித்தபோது தந்தைக்கும் மகனுக்கும் இடையே மனக்கசப்பு முளைத்து நான்காண்டுகள் கடந்திருந்தன. 1734இல் பாரிஸ் கழகம், கோள்களின் பாதைச் சாய்வு பற்றிய தன் பெரும்பரிசை ஜொகானுக்கும் டானியலுக்கும் பகிர்ந்தளித்தது. பிறர் வீட்டில் இஃது இரட்டை மகிழ்ச்சியாயிருந்திருக்கும். தம்மொடு மகனை ஒரு தட்டில் வைத்து நிறுத்தியதை ஜொகான் பொறுத்திலர். மகனை வீட்டை விட்டே விலக்கினார் எனச் சொல்வர். மகனோ தந்தையின் பெயரைத் தம் நூல் முகப்பில் தாங்கினார்.

பின்னர் நிகழ்ந்ததே கொடிது. ஜொகானின் நூல்கள் அனைத்தும் தொகுக்கப்பெற்று 1742இல் நான்கு தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றுள் ஹைட்ராலிக்கா என்னும் நீரியல் நூல் ஒன்றும் இருந்தது. மகன் ஆராய்ந்த அதே பொருள். 1732ஆம் ஆண்டு என அதற்குக் காலம் குறிக்கப்பட்டிருந்தது. மகனின் வரைவு உருவானது 1733இல் என்பதை நோக்க, இக்காலக் குறிப்பின் உட்கருத்து விளங்காமற் போகாது. ஆண்டினைப் பின்தள்ளிப் போட்டது முந்துரிமை கோரற்பொருட்டே என்பது வரலாற்றறிஞர் பலரின் கொள்கை. டானியல் 1743இல் ஆய்லருக்கு எழுதிய மடலில், தம் நூலின் பொருள் முழுதும் தம்மிடமிருந்து பறிக்கப்பட்டதையும், பத்தாண்டு உழைப்பின் பயன் ஒரு நொடியில் இழந்ததையும் கூறி வருந்தினார். அதனினும் நோவு தந்தது ஒன்றுண்டு. ஜொகான் தம் நூற்பகுதியை முன்னரே ஆய்லருக்கு அனுப்ப, ஆய்லர் அதனை மிகப் பாராட்டி எழுதியிருந்தார்.

நடுநிலை பிறழாது நோக்கின் ஒன்றைச் சொல்லவேண்டும். ஜொகானின் நூலில் சரக்கே இல்லை என்பது பொருந்தாது. மகன் உயிர்விசையைக் கொண்டு கண்டதைத் தந்தை நியூட்டனின் விசை விதிகளைக் கொண்டு நேரே நிறுவினார். நீரின் அகத்தே ஒரு பகுதி மற்றொரு பகுதியை அழுத்தும் அக அழுத்தம் என்னும் கருத்து அவர் நூலில் தெளிவுற்றது. ஆய்லர் பாராட்டியது அதனையே. 1757இல் அச்சான தம் ஆய்வுரையில் ஆய்லர் பாய்ம இயக்கத்தின் பொதுச் சமன்பாடுகளை வகுத்தார். நம் பாடநூல்களில் பெர்னௌலி பெயரால் காணப்படும் வடிவம் அவ்வழியே நமக்குக் கிடைத்ததாகும். ஆக, அச்சமன்பாட்டின் பின்னே மூவர் உளர். ஆயினும் தந்தை புரிந்த தீமை இதனால் தேயாது. புதுவழி கண்டேன் என்று சொல்லியிருந்தால் உலகம் அவரையும் போற்றியிருக்கும். முதலிற் கண்டதே நான் என்று காட்ட முயன்றதே பழியாயிற்று.

இதில் மற்றொரு விந்தையும் உண்டு. ஜொகான் இளமையில் பிரெஞ்சுப் பெருமகனார் லோப்பித்தால் என்பவரிடம் ஆண்டுக்கு 300 லிவர் ஊதியம் பெற்றுத் தம் கண்டுபிடிப்புகளை அவருக்கு எழுதிக் கொடுத்து வந்தார். 1696இல் லோப்பித்தால் வெளியிட்ட நூலில் அவை இடம்பெற்றன. கல்லூரி மாணவர் இன்றும் லோப்பித்தால் விதி எனப் படிப்பது ஜொகான் கண்டதே. தம் உழைப்பு பிறர் பெயரில் வழங்குவதன் கொடுமையை அவரைவிட நன்கறிந்தார் எவர்? அறிந்தவரே அதனைத் தம் மகனுக்கு இழைத்தார்.

1748ஆம் ஆண்டின் முதல் நாளன்று ஜொகான் மறைந்தார். இருவரும் பழையபடி ஒன்றுபடவில்லை. டானியல் ஆராய்ச்சியைக் கைவிட்டிலர் எனினும் நீரியக்கத்தில் முன்னிருந்த ஊக்கம் அவரிடம் மீளவில்லை என்றே தோன்றுகிறது.

சமன்பாடு சொல்லாதது

இனி, பொறியியல் மாணாக்கர் கருத்திற் கொள்ளவேண்டிய பகுதிக்கு வருவோம். ஒரே விட்டமும் ஒரே மட்டமும் உடைய நீண்ட குழாயில் நீர் ஓடுகிறது. உயரம் மாறவில்லை, வேகமும் மாறவில்லை. எனவே சமன்பாட்டின்படி இருமுனைகளிலும் அழுத்தம் சமமாதல் வேண்டும். அங்ஙனமாயின் பம்பு எதற்கு? பல கிலோமீட்டர் நீளும் எண்ணெய்க் குழாய்களில் இடையிடையே பம்பு நிலையங்கள் எதற்கு? இவ்வினாவைத் தாமே கேட்டுக்கொள்ளாத மாணவர், சமன்பாட்டை எழுதினாரேயன்றி அறிந்தாரல்லர்.

விடை பாகுநிலையில் உள்ளது. பாய்மத்தின் அடுக்குகள் ஒன்றோடொன்று உராய்கின்றன. சுவரோடு ஒட்டிய அடுக்கு நகர்வதே இல்லை. உராய்வினால் ஆற்றல் வெப்பமாகி வீணாகிறது. கணக்கிலும் சோதனையிலும் வேறுபாடு தோன்றுவதை டானியலே உணர்ந்திருந்தார். அதனைக் கணக்கினுள் அடக்கும் வழி அவர் காலத்தில் இல்லை. 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாய்சொய் என்பார் மெல்லிய குழல்களில் ஓட்டத்தை அளந்து அதன் விதியைக் கண்டார். ஜெர்மானியப் பொறியாளர் ஹாகன் 1839இலேயே அதனைக் கண்டிருந்தார். பாய்சொய்யும் ஒரு மருத்துவரே. நுண்ணிய குருதிக்குழல்களில் குருதி ஓடுவதை அறியவே அவர் அவ்வாய்விற் புகுந்தார். மருத்துவர் விட்ட இடத்திலிருந்து மருத்துவரே தொடர்ந்தார் எனலாம். ஒரே அழுத்த வேறுபாட்டில், குழலின் விட்டம் இருமடங்கானால் ஓட்டம் பதினாறு மடங்காகும் என்பது அவ்விதியின் ஒரு கூறு. இஃது அடுக்கடுக்காய் அமைதியுடன் செல்லும் வரிச்சீர் ஓட்டத்திற்கே பொருந்தும். 1883இல் மான்செஸ்டர் நகரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் வண்ணச்சாயம் செலுத்தி, வரிச்சீர் ஓட்டம் எப்போது குழம்பிச் சுழற்சி ஓட்டமாகிறது எனக் காட்டினார். அதனை வரையறுக்கும் ரெனால்டு எண் குழாயோட்டத்தில் 2000ஐக் கடந்ததும் கவனம் வேண்டும் என ஆசிரியர் கூறக் கேட்டிருப்பீர்கள்.

ஆதலின் ஆலையில் பயன்படுத்தும் சமன்பாட்டில் டானியலின் மூன்று உறுப்புகளோடு, பம்பு ஊட்டும் ஆற்றலும் உராய்வால் இழக்கும் ஆற்றலும் சேர்த்தெழுதப்படுகின்றன. ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு திறப்பானும் இழப்பைக் கூட்டும். பம்பின் வாயிலில் அழுத்தம் மிகத் தாழ்ந்தால் நீர் அறை வெப்பத்திலேயே கொதித்துக் குமிழிவிடும். அக்குமிழிகள் உடையும்போது எஃகு அலகையும் அரித்துவிடும். குழாயின் உறிஞ்சு பக்கத்தை நீளமாகவும் குறுகலாகவும் அமைத்தவர் பிறகு பம்பின்மீது பழி போடுவதில் பயனில்லை.

நூறாண்டு உறங்கிய அதிகாரம்

ஹைட்ரோடைனமிக்காவின் பத்தாம் அதிகாரம் நீரை விட்டுக் காற்றைப் பற்றிப் பேசுகிறது. எம் மதிப்பீட்டில் அந்நூலின் மணிமுடி அதுவே. உருளைக் கலன் ஒன்றன் மேல் நகரும் மூடி; மூடியின்மேல் எடை. உள்ளே எண்ணிறந்த நுண்துகள்கள் எத்திசையிலும் விரைந்து திரிகின்றன. அவை மூடியில் ஓயாது மோதுவதே காற்றின் அழுத்தம். கொள்ளளவைக் குறைத்தால் மோதல்கள் மிகும், அழுத்தம் கூடும். இவ்வாறு பாயில் விதியைத் துகள்களின் இயக்கத்திலிருந்தே வருவித்தார். துகள்களின் வேகம் மிகுந்தால் அழுத்தம் அவ்வேகத்தின் இருமடியாக மிகும் என்றும், வெப்பமூட்டுதல் என்பது துகள்களை விரையச் செய்தலே என்றும் கூறினார்.

வெப்பம் என்பது ஒருவகைப் பாய்மப் பொருள் என்னும் எண்ணம் ஓங்கியிருந்த அந்நூற்றாண்டு இதனைச் செவிமடுக்கவில்லை. 1845இல் வாட்டர்ஸ்டன் என்பார் இதே கருத்தை விரித்தெழுதி இலண்டன் ராயல் கழகத்திற்கு அனுப்பியபோதும் அது புறக்கணிக்கப்பட்டது. 1857இல் கிளாசியசும் 1860இல் மாக்ஸ்வெல்லும் எழுதிய பின்னரே வளிமங்களின் இயக்கவியற் கொள்கை நிலைபெற்றது. தந்தை உரிமை கோராத அதிகாரம் இஃது ஒன்றே. உலகமும் அதனை நூறாண்டுக்கு மேல் உரிமை கோரவில்லை.

அம்மையும் இறுதி நாள்களும்

1750இல் டானியலுக்கு இயற்பியல் பதவி கிடைத்தது. சோதனைகளுடன் கூடிய அவர் விரிவுரைகளைக் கேட்கப் பெருங்கூட்டம் திரண்டது. 1776 வரை கற்பித்தார்.

மருத்துவமும் கணிதமும் அவர் கையில் மீண்டும் ஒருமுறை கூடின. அம்மை நோய் ஐரோப்பாவைச் சூறையாடிய காலம் அது. அம்மைப்பாலைச் சிறு அளவில் உடலிற் புகுத்தி நோயைத் தடுக்கும் முறை துருக்கியர் நாட்டில் வழக்கிலிருந்தது. இஸ்தான்புல்லில் அதனைக் கண்டறிந்த மேரி மாண்டேகு என்னும் ஆங்கிலேயப் பெருமாட்டி, 1721இல் இலண்டனில் தம் மகளுக்கே அதனைச் செய்வித்தார். எனினும் சிலர் அதனாலேயே இறந்ததுண்டு. செய்வதா, விடுவதா? 1760இல் டானியல் இதனைக் கணக்காக்கினார். அம்மை ஒழியுமானால் பிறக்கும் குழவியின் சராசரி வாழ்நாள் 26 ஆண்டு 7 திங்களிலிருந்து 29 ஆண்டு 9 திங்களாக உயரும் என்று காட்டினார். நோய்ப்பரவலைக் கணிதத்தால் ஆராய்ந்த முன்னோடி முயற்சிகளுள் இது தலைமையானது. பிரெஞ்சுக் கணிதர் தலம்பேர் இதனைக் கடுமையாக மறுத்தார். நாளை கிட்டும் மூன்றாண்டுக்காக இன்றே ஒரு தாய் தன் குழவியை இடருக்கு உட்படுத்துவாளா என்னும் அவருடைய தடையும் எளிதிற் புறந்தள்ளத் தக்கதன்று.

பயணம் ஒன்றில் உடன் வந்த அயலார் பெயர் கேட்க, இளைஞரான டானியல் தம் பெயரைச் சொன்னாராம். அவரோ தம்மைக் கேலி செய்வதாக எண்ணி, அப்படியானால் நான்தான் ஐசக் நியூட்டன் என்று மறுமொழி தந்தாராம். தாம் பெற்ற பரிசுகள் அனைத்தினும் இதனையே பெரிதாக முதுமையிலும் சொல்லி மகிழ்ந்தார் என ஒரு கதை வழங்குகிறது.

1782ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள் டானியல் பாசல் நகரில் இயற்கை எய்தினார். முதுமையில் அவருக்காக விரிவுரை ஆற்றிவந்தவர் அவருடைய தம்பி மகன். பெரிய பாட்டனாரின் பெயரைத் தாங்கிய மற்றொரு யாக்கோபு. பெரியப்பாவின் பதவிக்கு அவர் முயன்றபோது பழைய வழக்கப்படியே சீட்டுப் போடப்பட்டது. அது வேறொருவருக்கு விழுந்தது. அவரும் பீட்டர்ஸ்பர்க் நகருக்கே சென்றார். அங்கு ஆய்லரின் பெயர்த்தியை மணந்து, மணந்த சில திங்களில், 1789இல், நேவா ஆற்றில் மூழ்கி இறந்தார்.